சிங்க்குக்கு அடியில் வாட்டர் ஃபில்டர்: எதை வாங்குவது, எந்த வரிசையில் முடிவெடுப்பது

என் வீட்டுக்கு ஒன்று, அக்கா வீட்டுக்கு ஒன்று, அப்புறம் எங்கள் அடுக்ககத்தில் ஏழெட்டு வீடுகள். இத்தனை இடங்களில் டார்ச் பிடித்துக்கொண்டு சிங்க்குக்கு அடியில் குனிந்திருக்கிறேன். தகராறு வந்த வீடுகளில் எல்லாம் கதை ஒன்றுதான். பெட்டி முதலில் வந்துவிடும், தண்ணீரைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான் வரும்.

வரிசையை மாற்றுங்கள். முதலில் தண்ணீர், அடுத்து அழுத்தம், அதற்கடுத்து இடம். எந்த வகை ஃபில்டர் என்பது அதற்கப்புறம். எந்த பிராண்ட் என்பது கடைசி.

சம்ப்பும் மொட்டைமாடித் தொட்டியும் உள்ள சென்னை அடுக்ககத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். வேறு ஊர் என்றால் எங்கே கணக்கு மாறும் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

## கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது), 1 லிட்டர் பாட்டில், இஞ்ச் டேப், டார்ச், அழியாத மார்க்கர் பேனா. மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தப்பான ஃபில்டரில் போகிற பணத்தைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை.

இன்னொன்று பொறுமை. தண்ணீரை ஒரே நாளில் அளந்து முடிக்க முடியாது, ஏன் என்பது 2-ஆம் பகுதியில் தெரியும்.

## 1. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள்

வாட்ச்மேனிடமோ சங்கச் செயலாளரிடமோ கேளுங்கள். சம்ப்பில் மெட்ரோ வாட்டர் மட்டும் விழுகிறதா, போர் தண்ணீரும் சேர்கிறதா, கோடையில் லாரியா? மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கிற கட்டடங்கள் சென்னையில் ஏராளம். சில கட்டடங்களில் அடுப்படிக்கு மட்டும் தனி மெட்ரோ லைன் இருக்கும். குளியலறைத் தண்ணீரை அளந்துவிட்டு அதை வைத்து அடுப்படிக்கு ஃபில்டர் வாங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இது ஏன் முதல் கேள்வி? செங்குன்றம், செம்பரம்பாக்கம், வீராணம் ஏரிகளிலிருந்தும் நெம்மேலி கடல்நீர் ஆலைகளிலிருந்தும் வருவது சுத்திகரித்து, குளோரின் போட்டு அனுப்பப்படும் தண்ணீர். அதில் உப்பு பெரும்பாலும் தொல்லை தராது. வழியில் குழாயிலும் சம்ப்பிலும் சேர்கிற அழுக்கும் கிருமியும்தான் தொல்லை. போர் தண்ணீர் அப்படியே நேர் எதிர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே உப்பும் சுண்ணாம்பும் கரைந்து கிடக்கும். முன்னதை வடிகட்டினால் போதும். பின்னதை எத்தனை தடவை வடிகட்டினாலும் கரைந்தது கரைந்தபடியே வரும்.

கோயம்புத்தூரில் சிறுவாணி வருகிற வீட்டில், கரைந்த உப்பையும் பிரித்தெடுக்கிற ஆர்ஓ மாட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீர் குடிப்பவர்களுக்குக் கதை வேறு. அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம், ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான்.

கேட்கிற கையோடு, சம்ப்பும் மேல்தொட்டியும் கடைசியாக எப்போது கழுவப்பட்டன என்றும் கேட்டுவிடுங்கள். பதிலாக ஒரு சிரிப்பு வந்தால், முதல் செலவு அந்த வேலைக்குத்தான். தொட்டியின் அடியில் சேறு இருக்கும்வரை எந்த ஃபில்டரும் ஒரு மாதத்தில் அடைத்துக்கொள்ளும்.

## 2. டிடிஎஸ்ஸை மூன்று வேறு நாட்களில் அளங்கள்

முதலில் மீட்டரையே சோதியுங்கள். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டரில் வைத்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 60, 70 என்று காட்டினால் மீட்டரைத் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்து அடுப்படிக் குழாயை ஒரு நிமிடம் திறந்துவிட்டு, கோப்பையை அதே தண்ணீரில் அலசி, பிடியுங்கள். மீட்டரைக் கோட்டளவு மட்டும் முக்கி, லேசாக ஆட்டிக் குமிழியை விரட்டி, எண் நின்றபின் குறித்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் அளக்க வேண்டாம், எண் ஏறிக் காட்டும்.

இதை ஒரு சாதாரண நாள், லாரி வந்த மறுநாள், நல்ல மழைக்குப் பிறகு ஒரு நாள் என்று மூன்று தடவை செய்யுங்கள். எங்கள் கட்டடத்தில் ஜனவரியில் 310 காட்டிய அதே குழாய் மே மாதம் 840 காட்டியது. ஜனவரி எண்ணை நம்பி வாங்கியவர் மே மாதம் கேன் தண்ணீருக்குப் போனார். முடிவை எப்போதும் மோசமான நாளின் எண்ணை வைத்தே எடுங்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் அளவுகோலான ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டிடிஎஸ் இருப்பதை ஏற்கத்தக்கது என்கிறது. வேறு ஆதாரமே இல்லை என்றால் 2000 வரை விட்டுக்கொடுக்கிறது. நடுவில் இருக்கிற 600, 700 எல்லாம் விஷம் அல்ல. ருசியில் கொஞ்சம் கரிப்பு தெரியும், பாத்திரத்தில் படிவு வரும், அவ்வளவுதான்.

புதியவர்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான்: டிடிஎஸ் என்றால் அழுக்கு என்று நினைத்துக்கொள்வது. மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதைத்தான். கரைந்த உப்பு எல்லாமே அதற்கு ஒன்றுதான். இளநீரில் அந்த மீட்டரை வைத்துப் பாருங்கள், ஆயிரக்கணக்கில் காட்டும். சாக்கடை கசிந்த மெட்ரோ தண்ணீரில் வைத்தால் சாதுவாக 400 காட்டலாம். கிருமியைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தையும் சொல்லாது.

## 3. மீட்டர் சொல்லாததைப் பரிசோதனைக்கூடத்தில் கேளுங்கள்

போர் தண்ணீர் கலக்கிற வீடு என்றால் இதைத் தாண்டிப் போகாதீர்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் தண்ணீர் பரிசோதனை உண்டு. மாவட்டங்களில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு, கோலிஃபார்ம் கிருமி ஆகிய ஐந்தையும் கேளுங்கள்.

அறிக்கை வந்ததும் மூன்று எண்களைப் பாருங்கள், எல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. ஃப்ளோரைடு 1 வரை சரி, 1.5-க்கு மேல் கூடவே கூடாது. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது, அதில் சலுகையே கிடையாது. கடினத்தன்மை 200 வரை நல்லது, 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் முக்கியம், ஏனென்றால் இரண்டுக்கும் நிறமோ வாசனையோ கிடையாது. காய்ச்சினாலும் போகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட இன்னும் அடர்த்திதான் ஆகும்.

கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வகமே தருகிற சுத்தமான பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும், சில மணி நேரத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கொண்டுபோனால் அந்த பாட்டிலின் கிருமியைத்தான் எண்ணித் தருவார்கள். ஆய்வகம் தூரம் என்றால் எச்2எஸ் குப்பி வாங்கி வீட்டிலேயே பார்க்கலாம். தண்ணீரை ஊற்றி, ஒன்று அல்லது இரண்டு நாள் அறை வெப்பத்தில் வைத்து, கறுத்தால் கழிவுநீர் கலந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

அடுப்படியிலேயே சில துப்புகள் கிடைக்கும். இட்லிப் பானையின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுகிறதா? குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு மசியவில்லையா? கடின நீர். வாளியில் பிடித்து வைத்த தண்ணீர் காலையில் செம்பழுப்பாக மாறி, அடியில் துரு மாதிரி படிகிறதா? இரும்பு.

## 4. அழுத்தத்தைக் கணக்குப் போடுங்கள்

பெரும்பாலானோர் விட்டுவிடுகிற பகுதி இது. எனக்கும் இது அக்கா வீட்டில் சூடு பட்ட பிறகுதான் புரிந்தது.

தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தம். ஒரு மாடி ஏறக்குறைய 3 மீட்டர். ஐந்து மாடிக் கட்டடத்தில் முதல் மாடிக்காரருக்கு 1 கிலோவுக்கு மேலேயே கிடைத்துவிடும். கடைசி மாடிக்காரருக்குத் தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது என்பதால், உயர வித்தியாசம் மூன்று மூன்றரை மீட்டர்தான். அதாவது 0.3 கிலோ சொச்சம்.

அக்கா குடியிருப்பது கடைசி மாடி. அங்கே நான் ஆசையாக மூன்று கட்ட ஃபில்டர் ஒன்றை மாட்டினேன், நடுவில் நல்ல கெட்டியான கார்பன் பிளாக் (இறுக்கிச் செய்த கரிக்கட்டி). 1 லிட்டர் பாட்டில் நிரம்ப நாலு நிமிடம். "சொம்பு நிறையறதுக்குள்ள சாம்பார் கொதிச்சிரும்டா" என்றாள். அந்தக் கார்பன் பிளாக்கைக் கழற்றி, துகள் கார்பன் போட்ட பிறகுதான் நிலைமை கொஞ்சம் தேறியது.

ஆகவே இப்போதே சோதித்துவிடுங்கள். அடுப்படிக் குழாயை முழுக்கத் திறந்து 1 லிட்டர் பாட்டில் எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். 10 வினாடிக்குள் நிரம்பி, மாடியும் கீழ்த்தளம் என்றால் எந்த ஃபில்டரும் தாங்கும். 20-க்கு மேல் ஆகிறது அல்லது மேல்மாடி என்றால், கார்பன் பிளாக்கும் யுஎஃப்பும் (மிக நுண்ணிய துளையுள்ள இழை ஃபில்டர்) சேர்ந்தால் திணறும். சின்ன பூஸ்டர் பம்ப் உள்ள மாடலோ, கட்டம் குறைந்த மாடலோ தேடுங்கள்.

எதிர்த்திசைப் பிரச்சினையும் உண்டு. கட்டடத்தில் பிரஷர் பம்ப் வைத்திருந்தால் அழுத்தம் 3 கிலோவைத் தொடலாம், வால்வைச் சட்டென்று மூடும்போது அதைவிட எகிறும். அங்கே ஃபில்டருக்கு முன் ஒரு அழுத்தக் குறைப்பு வால்வு கட்டாயம். ஃபில்டரின் பிளாஸ்டிக் பவுல் (கீழ்க்கிண்ணம்) வெடிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி வீடுகளில்தான்.

## 5. சிங்க்குக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

கதவைத் திறந்து குப்பைக்கூடை, பினாயில், பழைய பேப்பர் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பிறகு அளங்கள்.

சாதாரண 10 இஞ்ச் ஹவுசிங் (வடிகட்டும் உருளையான கேட்ரிட்ஜ் உட்காரும் கூடு), தலையோடு சேர்த்து 30 முதல் 32 சென்டிமீட்டர் உயரம், குறுக்கே 13 சென்டிமீட்டர் வரும். அடியில் குறைந்தது 5 சென்டிமீட்டர் காலியாக வேண்டும். பவுல் கீழ்நோக்கிக் கழன்றுதான் வெளியே வரும் என்பதால்தான் இது. இந்த 5 சென்டிமீட்டரை மறந்த வீட்டில், கேட்ரிட்ஜ் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் மொத்த ஃபில்டரையும் சுவரிலிருந்து கழற்றினார்கள்.

சிங்க்கின் கழிவுக்குழாய் வளைவு, குளிர்நீர் ஆங்கிள் காக், கேஸ் ட்யூப் போகிற பாதை மூன்றையும் குறியுங்கள். கேஸ் ட்யூப் பக்கத்தில் ஃபில்டர் வேண்டாம். யுவியோ (கிருமியைக் கொல்லும் புற ஊதா விளக்கு) ஆர்ஓவோ வாங்கும் எண்ணம் இருந்தால் ப்ளக் பாயிண்ட் எங்கே என்று பாருங்கள். சிங்க்குக்கு நேர் கீழே, தண்ணீர் சொட்டக்கூடிய இடத்தில் ப்ளக் இருக்கவே கூடாது.

குடிநீருக்குத் தனிக் குழாய் மேலே வர வேண்டும். கிரானைட்டில் 12 மில்லிமீட்டர் ஓட்டை போட வேண்டியிருக்கும். வாடகை வீடு என்றால் ஓட்டைக்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒப்பவில்லை என்றால் சிங்க்குக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியில் ட்யூபை மேலே கொண்டுவந்து, சுவரில் ஒரு பிராக்கெட் குழாய் மாட்டிக்கொள்ளலாம். இருக்கிற குழாயிலேயே ஃபில்டரை இணைத்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் அதன் வழியே ஓடி, ஆறு மாதம் வர வேண்டிய கேட்ரிட்ஜ் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும்.

எலி உள்ள கீழ்த்தள வீடா? கால் இஞ்ச் ட்யூபை எலி கடித்து அடுப்படி குளமானதை ஒரு தடவை பார்த்தேன். வடிகால் குழாய் சுவருக்குள் நுழைகிற ஓட்டையை முதலில் அடையுங்கள்.

## 6. இப்போதுதான் எந்த வகை என்று முடிவு

கையில் மோசமான நாளின் டிடிஎஸ், ஆய்வக அறிக்கை, பாட்டில் நிரம்பும் வினாடி மூன்றும் இருக்கின்றன. மிச்சம் எளிது.

டிடிஎஸ் எப்போதும் 500-க்குள், ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் சரி. ஆர்ஓ வேண்டாம். மூன்று கட்டம் போதும்: 5 மைக்ரான் ஸ்பன் (பஞ்சு மாதிரியான வெள்ளை உருளை), அதற்குப் பின் கார்பன், அதற்குப் பின் யுஎஃப். மண்ணையும் துருவையும் ஸ்பன் பிடிக்கும். குளோரின் வாடையையும் ருசிக்கேட்டையும் கார்பன் எடுக்கும். கிருமியை யுஎஃப்பின் நுண்துளை தடுக்கும். கரண்ட் தேவையில்லை, தண்ணீர் வீணாவதில்லை.

இந்த வரிசை மாறக் கூடாது. ஸ்பன் முன்னால் இல்லாவிட்டால் சேறு கார்பனை மூடிவிடும். கார்பன் குளோரினை எடுத்துவிடுவதால், தேங்கிய தண்ணீரில் கார்பனுக்குள்ளேயே கிருமி பெருகலாம். அதைப் பிடிக்கத்தான் யுஎஃப் கடைசியில் நிற்கிறது. யுஎஃப்பில் 0.1 மைக்ரான், 0.01 மைக்ரான் என்று இரண்டு விதமாகப் போட்டிருப்பார்கள். பாக்டீரியாவை 0.1-ஏ பிடித்துவிடும், வைரஸ்களில் பல அதைவிடச் சின்னவை. 0.01 உள்ளதை வாங்குங்கள். கிருமிப் பரிசோதனை மோசமாக வந்திருந்தால் கடைசியில் ஒரு யுவியும் சேருங்கள். ஆனால் தண்ணீர் கலங்கலாக இருந்தால் யுவி வெளிச்சம் ஊடுருவாது, கரண்ட் போனால் வேலையும் செய்யாது.

500 முதல் 1000 வரை, மற்ற எண்கள் சரி. இது உங்கள் நாக்கின் முடிவு. கரிப்பும் படிவும் பொறுக்குமென்றால் மேலே சொன்ன மூன்று கட்டமே போதும். பொறுக்காதென்றால் ஆர்ஓ.

1000-க்கு மேல், அல்லது ஃப்ளோரைடு, நைட்ரேட் எல்லை மீறியிருக்கிறது. ஆர்ஓதான். டிடிஎஸ் வெறும் 450 ஆக இருந்து ஃப்ளோரைடு 2 என்றாலும் ஆர்ஓதான். டிடிஎஸ் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

இரும்பு அதிகம். அதை மேல்தொட்டிக்கு முன்பே எடுக்க வேண்டும். சிங்க்குக்கு அடியில் வந்த பிறகு எடுக்கப் பார்த்தால் கேட்ரிட்ஜும் ஆர்ஓவின் மெம்ப்ரேனும் (உப்பைத் தடுக்கும் சவ்வு) துருவேறிச் சாகும்.

ஆர்ஓ எடுப்பவர்களுக்கு இரண்டு விஷயம். 1 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 2 முதல் 3 லிட்டர் வெளியே போகும். குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்றால் முப்பது நாற்பது லிட்டர் சாக்கடைக்கு. 500-க்குக் கீழே டிடிஎஸ் உள்ள இடங்களில் ஆர்ஓவைத் தடை செய்யச் சொல்லி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டதன் பின்னணியில் இருப்பதும் இந்தக் கணக்குதான். அந்தக் கழிவு ட்யூபை ஒரு வாளியில் விட்டு வீடு துடைக்கவும் பாத்திரம் ஊறப்போடவும் வைத்துக்கொள்ளலாம். செடிக்கு ஊற்றும் முன் அதன் டிடிஎஸ்ஸைப் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, வெளியே வரும் தண்ணீர் 20, 30 காட்டினால் அது பெருமை அல்ல. சப்பென்று இருக்கும். 80 முதல் 150 வரை வருமாறு டிடிஎஸ் திருகியை வைக்கச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: அந்தத் திருகி செய்வது மெம்ப்ரேன் வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலப்பது. ஃப்ளோரைடுக்காக ஆர்ஓ வாங்கியவர் அதை முழுக்க மூடி வைக்க வேண்டும்.

## 7. கேட்ரிட்ஜைப் பார்த்துப் பெட்டியை வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். ஃபில்டர் ஒரு தடவை வாங்குவது, கேட்ரிட்ஜ் வருடா வருடம் வாங்குவது.

கடையில் முதல் கேள்வி: "உள்ளே போடுறது சாதாரண 10 இஞ்ச் கேட்ரிட்ஜா, உங்க கம்பெனிது மட்டும்தான் சேருமா?" சாதாரண 10 இஞ்ச் என்றால் தெருமுனை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஸ்பன் ஒன்றின் விலை, நல்ல ஓட்டலில் ஒருவர் டிபன் சாப்பிடுகிற செலவுதான். சொந்த வடிவப் பூட்டு போட்ட கேட்ரிட்ஜ் என்றால் அவர்கள் சொன்னதுதான் விலை, அவர்கள் வருகிறபோதுதான் தண்ணீர். அழகாக இருக்கும், மறுக்கவில்லை. மூன்று வருடக் கேட்ரிட்ஜ் செலவைக் கூட்டி எழுதிப் பார்த்துவிட்டு அந்த அழகுக்கு விலை போடுங்கள்.

சான்று முத்திரைகளையும் நிதானமாகப் படியுங்கள். அமெரிக்கச் சான்று அமைப்பான என்எஸ்எஃப்பின் 42 என்பது ருசி, வாசனை, குளோரின் பற்றியது. ஈயம் போன்ற உடல்நலச் சங்கதிகளுக்கு 53. முத்திரை மட்டும் பெரிதாக இருந்து, எதைக் குறைக்கிறது என்று எழுதாமல் இருந்தால், பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக்கோ கார்பன் துகளோ தீங்கில்லாதது என்பதற்கான சான்றாக மட்டும் இருக்கலாம்.

உள்ளே இருப்பது தெரிகிற பவுல் வேண்டுமா, வெள்ளையா? முதல் ஸ்பன் பவுல் மட்டும் கண்ணாடி மாதிரி இருக்கட்டும், அழுக்கு ஏறுவது கண்ணில் படும். மற்றவை வெள்ளை.

## 8. டெமோவுக்கு மயங்காதீர்கள்

ஒருவர் வீட்டுக்கு வருவார். இரண்டு டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். நாலு கம்பி நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் முக்கி ப்ளக்கில் சொருகுவார். இரண்டு நிமிடத்தில் உங்கள் டம்ளர் பச்சையும் பழுப்புமாகக் கொழகொழவென்று மாறும், அவருடையது அப்படியே இருக்கும். "இதைத்தாம்மா குழந்தைக்குக் குடுத்திட்டிருக்கீங்க."

அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரிலிருந்து வந்தது அல்ல. கம்பியிலிருந்து வந்தது. தண்ணீரில் உப்பு இருந்தால் மின்சாரம் பாய்ந்து இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு இல்லை, மின்சாரம் பாயவில்லை, கம்பி கரையவில்லை. சந்தேகமென்றால் அவருடைய டம்ளரில் ஒரு சிட்டிகை சாப்பாட்டு உப்பைப் போட்டு மறுபடி முக்கச் சொல்லுங்கள். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி அதைச் செய்தார். வந்தவர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

## 9. மாட்டும் வரிசை

ஆள் வைத்து மாட்டினாலும் கூடவே நின்று இதைப் பாருங்கள்.

ஆங்கிள் காக்கை மூடி, குழாயைத் திறந்து மிச்ச அழுத்தத்தை இறக்குங்கள். இன்லெட் வால்வின் மரையில் டெஃப்ளான் டேப்பை, முறுக்குகிற திசையிலேயே எட்டுப் பத்து சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முறுக்கும்போது டேப் பிரிந்துகொண்டே வரும். இந்த வால்வு ஃபில்டருக்கு மட்டும் தனியாக மூடித் திறக்கும்படி இருக்கட்டும், கேட்ரிட்ஜ் மாற்றும்போது வீட்டுத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்காது.

ட்யூபைப் புது பிளேடால் நேராக வெட்டுங்கள். சாய்ந்த வெட்டு கண்ணுக்குத் தெரியாமல் கசியும். கனெக்டரில் தள்ளும்போது முதலில் ஒரு தடை வரும், அதையும் தாண்டி இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். பின்னால் இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. இந்த இணைப்புக்கு டேப் வேண்டியதில்லை.

ஹவுசிங் தலையில் இன், அவுட் என்று அம்பு போட்டிருக்கும். மாற்றி இணைத்தால் தண்ணீர் வரத்தான் செய்யும், அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. கேட்ரிட்ஜில் தண்ணீர் வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும்.

கேட்ரிட்ஜின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தீர்களா? சிரிக்காதீர்கள், உறையோடு மாட்டிவிட்டு "தண்ணியே வரல" என்று என்னைக் கூப்பிட்டவர்கள் இருவர்.

கடைசியாக ஓ-ரிங், பவுலுக்கும் தலைக்கும் நடுவில் உட்காரும் ரப்பர் வளையம். என் முதல் ஃபில்டரில் அது பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஓரத்தில் நசுங்கியிருந்தது. மாட்டியபோது ஒரு சொட்டுகூட இல்லை. விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்க எழுந்த அம்மாவின் காலில் தண்ணீர், பக்கத்து அலமாரியில் 10 கிலோ அரிசி நனைந்து ஊறியிருந்தது. அன்றிலிருந்து ரிங்கைத் துடைத்து, சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவி, பள்ளத்தில் விரலால் ஒரு சுற்று தடவிப் பார்க்காமல் மூடுவதில்லை. வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள், சில ரப்பர்கள் ஊதிப்போகும். பவுலைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும். அதற்கு மேல் முறுக்கினால் ரிங் நசுங்கும், அடுத்த தடவை கழற்றவும் முடியாது.

## 10. முதல் நாள்

குடிநீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, இன்லெட் வால்வை மெல்லத் திறங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும்.

முதலில் கறுப்பாக வரும். கார்பன் தூசிதான், பயம் வேண்டாம். முடிந்தால் யுஎஃப் ட்யூபைக் கழற்றி வைத்து, கார்பன் வரை மட்டும் ஓடவிட்டுத் தெளிந்த பிறகு யுஎஃப்பை இணையுங்கள். புது யுஎஃப்பை முதல் நாளே கரித்தூளால் அடைப்பானேன்? அதற்குப் பிறகு 20 லிட்டர் ஓடவிடுங்கள். யுஎஃப்பில் கொஞ்சம் நுரை வரும், இழை கெடாமல் இருக்கத் தடவியிருப்பது. அந்தத் தண்ணீரில் வீடு துடைக்கலாம்.

இரவு படுக்கும் முன் அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து வையுங்கள். தரையில் விழுந்த ஒரு சொட்டு காலைக்குள் காய்ந்துவிடும், ஆனால் தாளில் விழுந்தது வட்டமாக அடையாளம் விட்டுவிட்டுப் போகும். எந்த இணைப்புக்கு நேர் கீழே அந்த வட்டம் இருக்கிறதோ அதுதான் குற்றவாளி. மூன்று நாள் தாள் சுத்தமாக இருந்தால்தான் குப்பைக்கூடையைத் திரும்ப உள்ளே வையுங்கள்.

## 11. மாற்றுகிற நாள்

பவுலிலேயே மார்க்கரால் தேதி எழுதுங்கள். தாளில் எழுதி ஒட்டினால் ஈரத்தில் போய்விடும், போனில் குறித்து வைத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஸ்பன் பழுப்பேறினாலோ தண்ணீர் மெலிந்தாலோ மாற்ற வேண்டியதுதான், லாரித் தண்ணீரில் இரண்டு மூன்று மாதம் வரும். கார்பன் ஆறு மாதம். இது அடைத்துக்கொண்டு சொல்லாது, வேலை செய்வதை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கும், அதனால் தேதியை நம்புங்கள். யுஎஃப்பும் யுவி விளக்கும் வருடத்துக்கு ஒரு தடவை. யுவி விளக்கு நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் வருடம் கழிந்தால் கிருமியைக் கொல்கிற வீரியம் குறைந்திருக்கும்.

ஸ்பன்னைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள். மேல் அழுக்குதான் போகும், உள்ளே ஏறியது போகாது.

தினமும் காலையில் முதல் ஒரு சொம்பைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் பிறகு குடிக்கப் பிடியுங்கள், ராத்திரி முழுக்கக் கார்பனில் தேங்கியது அது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஃபில்டரின் இன்லெட் வால்வை மூடிவிட்டுப் போங்கள். தண்ணீரை வடிக்க வேண்டாம், ஒருமுறை நனைந்த யுஎஃப் இழை காய்ந்தால் பழுதாகலாம். திரும்பி வந்ததும் பத்து லிட்டர் ஓடவிட்டுவிட்டு அப்புறம் காபிக்கு வையுங்கள்.